சின்னான் போட்ட சுண்ணாம்புக் கோடு

மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். கலெக்டர் ஆபீஸுக்கு எதிரில், ஒரு ஜெராக்ஸ் கடையின் நிழலில், மடக்கு மேசையும் பழைய லேப்டாப்புமாக இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அன்றைக்கு டீ குடிக்கக்கூட நேரமிருக்காது. பட்டா, பாதை, முதியோர் உதவித்தொகை, மகன் சோறு போடவில்லை, மருமகள் விடவில்லை என்று எது வந்தாலும் 'பணிவான வணக்கம்' என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிடுவேன். ஆள் எழுந்து போனதும் மறந்தும்விடுவேன். மறக்கத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலில் ஒரு மாதம் தாங்க மாட்டார்கள். சின்னானை மட்டும் மறக்க முடியவில்லை. காரணம் வெளிப்படை. அவர் தலையில் விழுந்த இடியில் பாதி என் வாயிலிருந்து போனது.

சின்னான் ஒரு நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். கோயமுத்தூரைச் சுற்றி நகராட்சிகளுக்குக் குறைவில்லை. அதில் எது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே எனக்கு ஒரு நோட்டீஸ் வரும், அதற்குப் பதில் எழுத எனக்கு யார் மனு எழுதிக் கொடுப்பார்கள்? அவருடைய அப்பனும் ஆத்தாளும் அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் பண்ணையத்துக்கு நின்றவர்கள். இவர் இருபது வயதில் மண்வெட்டியை வைத்துவிட்டு நகரத்துக்கு வந்து, சாக்கடை அள்ளி, குப்பை வண்டி தள்ளி, பன்னிரண்டு வருஷம் கழித்து நிரந்தரம் ஆனார். இப்போது வயது ஐம்பத்தெட்டு.

அவருக்கு ஒரு கைத்திறமை உண்டு. மந்திரி வருகிறார், தேர் வருகிறது என்றால் சாலை ஓரத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார்களே, அந்தக் கோடு. மற்றவர்கள் கயிறு கட்டி, இருவர் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு போடுவார்கள். சின்னானுக்குக் கயிறு வேண்டாம். அடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஒரு பால் பவுடர் டின்னை இடுப்புயரத்தில் பிடித்து, தூரத்தில் ஒரு கம்பத்தைப் பார்த்துக்கொண்டு, கீழே குனிந்தே பார்க்காமல் நடப்பார். திரும்பிப் பார்த்தால் அரை கிலோமீட்டருக்கு அளவுகோல் வைத்தது போலக் கோடு கிடக்கும். கொரோனாவில் ரேஷன் கடை முன்னால் வட்டம் போட்டதும் அவர்தான். 'கோட்டுக்காரர்' என்றால்தான் நகராட்சியில் அவரைத் தெரியும். வாழ்க்கையில் யாராவது அவரைப் பாராட்டினார்கள் என்றால் அது அந்தக் கோட்டுக்காகத்தான்.

மனைவி செவ்வந்தியும் அதே வேலை. ஆனால் நிரந்தரம் இல்லை, தினக்கூலி. ஒன்பது வருஷம் நேரடியாக நகராட்சிக்குக் கீழே பெருக்கினாள். பிறகு ஒருநாள் 'இனிமேல் நீங்களெல்லாம் காண்ட்ராக்ட்' என்று சொல்லிவிட்டார்கள். அதே தெரு, அதே விளக்குமாறு, முதலாளி மட்டும் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சரவணம்பட்டியைத் தாண்டி சத்தி ரோட்டில், விடியும் முன் பெருக்கிக்கொண்டிருந்தவளை ஒரு கார் அடித்துவிட்டுப் போய்விட்டது. யாருடைய கார் என்று இன்றுவரை தெரியாது. அங்கே ரோட்டோரம் இருக்கும் ஐ.டி. பார்க்கின் கேமராக்கள் எல்லாம் உள்பக்கம்தான் பார்க்குமாம்.

ஒரே மகள், எழில். பிளஸ் டூ முடித்து, டைப்பிங் பாஸ் பண்ணி, பீளமேட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். செவ்வந்திக்கு ஒரே ஒரு ஆசை இருந்திருக்கிறது. மகள் விளக்குமாறு பிடிக்கக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போக வேண்டும்.

அவள் செத்த பிறகு அதற்கு ஒரு வழி திறந்தது. பழைய தினக்கூலிகள் சார்பில் சங்கம் போட்டிருந்த வழக்கில் ஒரு முடிவு வந்தது. காண்ட்ராக்டுக்கு மாறுவதற்கு முன்னால் நேரடியாக வேலை பார்த்ததற்கு ஆதாரம் காட்டுகிறவர்களை நிரந்தரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். இறந்துபோனவர் என்றால் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை. எழிலுக்கு டைப்பிங் இருந்ததால் ஆபீஸ் வேலையே கிடைக்கும் என்று சங்கத்தில் சொன்னார்கள். மனுப் போட்டார்கள். நகராட்சியிலிருந்து மூன்றே வரியில் பதில் வந்தது. செவ்வந்தி என்ற பெயரில் எவரும் இந்த அலுவலகத்தில் நேரடியாகப் பணிபுரிந்ததற்கான பதிவு இல்லை.

அந்தக் காகிதத்தோடுதான் சின்னான் முதல்முதலாக என் மேசைக்கு வந்தார். முகத்தில் கவலை இல்லை. கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, பதிவு இல்லைன்னு எழுதிப்போட்டாங்க. ஆனா அது எங்கிருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க."

அவர் சொன்னது இது. செவ்வந்தி வேலை பார்த்த வார்டின் வருகைப் பதிவேடுகள் ஒரு பச்சை பீரோவில் இருந்தன. அந்த வார்டு ஆபீஸை இடித்தபோது பீரோவைக் கொண்டுபோய் நகராட்சி ஸ்டோர் மைதானத்தில் போட்டுவிட்டார்கள். பூட்டு உடைந்து, கதவைக் கம்பி சுற்றிக் கட்டியிருக்கிறது. முந்தின நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பியைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒன்பது வருஷமும் இருக்கிறது. முதல் மூன்று வருஷம் செவ்வந்தியின் கைநாட்டு. நாலாவது வருஷத்திலிருந்து கையெழுத்து. ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த எழில் அம்மாவுக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்த வருஷம் அது. 'வ'வுக்கு மேலே புள்ளி வைக்க எப்போதும் மறந்துவிடுவாளாம்.

"எடுத்துட்டு வந்தரட்டுங்களா?" என்று கேட்டார்.

நான் கூடாது என்றேன். இருபத்திரண்டு வருஷம் மனு எழுதினால் பாதி வக்கீல் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடும், எனக்கும் வந்திருந்தது. அரசாங்கச் சொத்தை நீங்களாக எடுத்தால் திருட்டு, உங்கள் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும், எடுத்துக்கொண்டு வந்த காகிதம் விசாரணையில் செல்லாது, நீங்களே எழுதிச் சேர்த்தீர்கள் என்பார்கள். இப்படி அடுக்கினேன். ஒன்றும் பொய் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்போம், முப்பது நாளில் முத்திரை வைத்து அவர்களே தருவார்கள், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றேன். பீரோவைப் பற்றி வெளியே தெரிந்தால் யாராவது கை வைத்துவிடுவார்கள் என்று பயம். அதனால் மனுவிலும் பச்சை பீரோ என்று எழுதவில்லை, 'தங்கள் வசமுள்ள பதிவேடுகள்' என்று மட்டும் எழுதினேன். அதை நான் ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். காகிதம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்று அன்றைக்கு அவருக்குச் சொல்லி அனுப்பியது நான். அதை அவர் நம்பினார்.

இந்த ஸ்டோர் மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகராட்சிக்குத் தேவையில்லாதது எல்லாம் அங்கேதான் வந்து சேரும். சக்கரம் கழன்ற மூன்று சக்கர வண்டி, அடி துருப்பிடித்த குப்பைத் தொட்டி, சோடியம் விளக்குத் தலை, கொசு மருந்து அடிக்கிற மெஷின், பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டில், கொரோனாவில் காலால் மிதித்துக் கை கழுவிய ஸ்டாண்டு. வந்தது எதையும் சும்மா தூக்கி எறிய முடியாது. இன்ஜினியர் வந்து பார்த்துக் 'கண்டம்', அதாவது இனி உதவாது, என்று எழுத வேண்டும். பிறகு ஒரு பட்டியல், அதற்கு ஒரு கமிட்டி, கடைசியில் ஏலம். அதற்குள் ஐந்து வருஷம் ஓடிவிடும். ஏலம் என்று வந்தால் மட்டும் ஐந்து நாளில் நடக்கும், ஏனென்றால் அது மார்ச் மாதமாக இருக்கும்.

ஏலத்துக்கு முன்னால் பொருளைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடுவது அங்கே வழக்கம். எண்ணி எண்ணிச் சண்டை வந்ததால் எந்தக் காலத்திலோ யாரோ கொண்டுவந்த ஏற்பாடு. கோட்டுக்குள் இருப்பதெல்லாம் ஏலம் எடுத்தவருக்கு, வெளியே இருப்பது நகராட்சிக்கு. 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்று ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கும். கோட்டைப் போடுகிறவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் மனுப் போட்ட பத்தாவது நாள் திடீரென்று கோடை மழை கொட்டியது. வெட்டவெளியில் நின்ற பீரோ நனைந்தால் பதிவேடுகள் கூழாகிவிடும் என்று சின்னானுக்குப் பயம். மழையோடு ஓடிப்போய், இன்னொருவர் துணையோடு பீரோவைத் தள்ளிக்கொண்டுபோய், மைதானத்தில் இருந்த ஒரே தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தினார். மறுநாள் வந்து, ஒரு பக்கம்கூட நனையவில்லைங்க அம்மணி என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நல்ல காரியம் செய்தீர்கள் என்றேன்.

அடுத்த வாரமே ஏல உத்தரவு வந்தது. அந்த இடத்தில் உரக் கிடங்கு கட்ட வேண்டுமாம். இன்ஜினியர் நேரில் வந்து, பம்ப் ரூம் மூலையிலிருந்து வேப்பமரம் வரைக்கும் ஒரே கோடாகப் போடச் சொன்னார். சின்னான் டின்னைத் தூக்கிக்கொண்டு மூலையில் போய் நின்று மரத்தைப் பார்த்தார். நேராகப் போட்டால், மழையில் கூரைக்குக் கீழே மாற்றி வைத்த பச்சை பீரோ ஓரடி உள்ளே வரும். அதை வெளியே விட வேண்டுமென்றால் கோட்டை வளைக்க வேண்டும்.

வளைக்கவில்லை. ஏன் என்று பிற்பாடு நான் கேட்டபோது அவர் நிதானமாகத்தான் சொன்னார்.

"பக்கத்துலயே ஆபீசர் நின்னாருங்க. வளைச்சா ஏன்னு கேப்பாரு, நீங்க யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னீங்க. அப்புறம் பட்டியலைப் பாத்தனுங்க, பீரோ ஆறுன்னு போட்டிருந்துச்சு. பச்சையத் தவுத்து ஆறு அங்க நின்னுச்சு. காகிதத்துல இல்லாதத எப்படீங்க எடுப்பாங்க?"

பிறகு இன்னொன்றும் சொன்னார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு கோடுகூடத் தான் வளைத்துப் போட்டதில்லையாம். கை வரவில்லையாம்.

கோடு போட்டு முடித்ததும் ஸ்டோர் பிரிவு உதவியாளர் ஹாரிகா ஒரு தாளை நீட்டினாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். கெட்டவள் இல்லை, மேலே இருந்து வந்த தாளைக் கீழே நீட்டினாள், அவ்வளவுதான். 'கோட்டுக்குள் உள்ள பொருட்கள் அனைத்தும் உபயோகமற்றவை எனப் பார்வையிட்டு உறுதி செய்கிறோம்.' சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். வழக்கமாகக் கோடு போட்டவரே ஒரு சாட்சி. எத்தனையோ ஏலத்துக்குப் போட்ட கையெழுத்தைச் சின்னான் அன்றைக்கும் போட்டார்.

லாரி வந்த அன்று அவர் மைதானத்தில் இல்லை. யாரோ பெரிய மனிதர் பொள்ளாச்சி ரோட்டு வழியாக ஆனைமலைக்கு மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிறார் என்று, நல்ல கோடு வேண்டுமென்று இவரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாள் வெயிலில் கோடு போட்டுவிட்டு மூன்றாவது நாள் காலையில் வந்து பார்த்தால் மைதானம் துடைத்துவிட்டது போல இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே பீரோவின் நாலு கால் பதிந்த தடம் மட்டும் இருந்தது.

அதே வாரம் என் மேசைக்குத் தபால் வந்தது. தாங்கள் கோரும் பதிவேடுகள் இவ்வலுவலகத்தில் இல்லை. கீழே ஹாரிகாவின் சுருக்கொப்பம். தேதியைப் பார்த்தேன், லாரி போன மறுநாள். அவள் பொய் எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு வந்த பதில்களில் இவ்வளவு உண்மையான பதிலை நான் பார்த்ததில்லை. அந்தக் கடுதாசியைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிறகு ஆதாரமாயிற்றே என்று பொறுக்கி ஒட்டினேன். என் புத்தி அப்படி.

ஏலம் எடுத்தவர் உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிற பீர் முகம்மது. நான், சின்னான், எழில் மூன்று பேரும் ஆட்டோ பிடித்து ஓடினோம். பச்சை பீரோ கிடங்கு வாசலிலேயே நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே கரப்பான் முட்டையைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்த மனிதர் எங்களை உட்காரவைத்து, விஷயத்தை முழுவதும் கேட்டார். காகிதத்தை அன்று சாயங்காலமே எடை போட்டு மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு அட்டை மில்லுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எங்கள் கண் முன்னாலேயே மில்லுக்குப் போன் போட்டார். ஊறப்போட்டுவிட்டார்கள் என்று பதில் வந்தது. அவர் போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பட்டியல்ல ஆறுதான் இருந்துச்சுங்க, எனக்கும் தெரியும். ஏழு நிக்குதேன்னு பசங்க கேட்டாங்க. கோட்டப் பாருங்கடான்னேன். இத்தன வருசத்துல அவ்வளவு நேரா ஒரு கோட்ட நான் பாத்ததில்லீங்க. நேரா இருந்தா அதுல என்னங்க சந்தேகம்?"

அவருக்குத் தெரியாது, போட்டவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று. சின்னான் சொல்லவும் இல்லை. கிளம்பும்போது பீரோவைச் சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் பீர் முகம்மது. எழில் வேண்டாம் என்றாள்.

நகராட்சி மறுத்ததை எதிர்த்து எழில் போட்ட மனுவுக்கு ஜூன் மாதம் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. நகராட்சி வக்கீல் குரல் உயர்த்தவே இல்லை. பதிவேடுகள் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும் அவை முறைப்படி உபயோகமற்றவை என்று பார்வையிட்டு உறுதி செய்யப்பட்டு அகற்றப்பட்டன என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். விசாரணை அதிகாரி அதைப் படித்தார். பிறகு சின்னானைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துங்களா?"

"ஆமாங்க."

"உள்ள என்ன இருந்துச்சுன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் பின் வரிசையில் உட்கார்ந்து, தெரியாது என்று சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"தெரியுமுங்க," என்றார் சின்னான். "எங்கூட்டுக்காரியோட கையெழுத்து இருந்துச்சுங்க."

அந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு இரக்கம் இருந்தது, எழுதுவதற்கு ஆதாரம்தான் இல்லை. மனு தள்ளுபடி ஆனது. செவ்வந்தி ஒன்பது வருஷம் பெருக்கிய தெருக்களை அவள் பெருக்கவே இல்லை என்பது இப்போது சட்டப்படி முடிவாகிவிட்டது.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது எழில் அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என்னையாவது திட்டியிருக்கலாம். அந்த மாதமே பனியன் கம்பெனியில் பாதிப் பேரை நிறுத்தினார்கள், அவளும் அதில் ஒருத்தி. அம்மா செத்த இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று காண்ட்ராக்ட் மேஸ்திரி சொல்லி அனுப்பினார். ஜூலை முதல் தேதி எழில் சத்தி ரோட்டில் விளக்குமாறு பிடித்தாள்.

இப்போது அங்கே பதிவேடு என்று ஒன்று கிடையாது. மேஸ்திரியின் செல்போனில் முகத்தைக் காட்ட வேண்டும், டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான் வருகை. அது எங்கே போகிறது, யாரிடம் இருக்கிறது என்று எழிலுக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது.

நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திருப்பலிக்குப் போகிறவள். கூடாது என்று அன்றைக்கு நான் சொன்னதை எந்தக் கட்டளையை மீறியதாகச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. திருடாதே என்றுதானே சொன்னேன். மனது கேட்காமல் செப்டம்பரில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து நேராகச் சின்னான் வீட்டுக்குப் போனேன். எழில் வேலைக்குப் போயிருந்தாள். அவர்களுக்கு ஞாயிறும் கிடையாது. சின்னான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்தார். அப்புறம் எழுந்து, உள் அறைச் சுவரில் தொங்கிய காலண்டரைத் தள்ளிக் காட்டினார்.

சுவரில் சுண்ணாம்பால் சின்னச் சின்னக் கோடுகள். மகள் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. மாதத்துக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே எழில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பக்கத்தில் சாட்சியாக அவர். ஒரு கோடும் சாயவில்லை.

"ஏனுங்க அம்மணி," என்றார், "நாளைக்கு இவளும் வேலை பாக்கலைன்னு யாராச்சும் சொன்னா, இது செல்லுங்களா?"

சட்டம் எனக்குத் தெரியும். சுவரைப் பெயர்த்துக்கொண்டு யாரும் விசாரணைக்குப் போக முடியாது. அவர் வீடு இருக்கும் நகராட்சிக் குடியிருப்பே, பயன்பாட்டுக்குத் தகுதியற்றது, இடிக்க வேண்டும் என்று நகராட்சி எடுத்திருக்கும் அடுத்த பட்டியலில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதைப் பற்றி மனு எழுதிக் கொடுத்ததே நான்தான். சின்னான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செல்லுமுங்க அண்ணா," என்றேன்.

அவர் காலண்டரைத் திரும்ப அதே இடத்தில் மாட்டினார்.